சாம்பல் தண்ணீரில் கொதித்த கயிறு

சாக்கு மூட்டையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி இறங்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நின்றால் மலைமேல் திருப்புலி நாட்டில் இருக்கும் அக்காவும் பஸ் வரும்வரை என் பக்கத்தில் நிற்பாள். நின்றால் பேசுவாள். பேசினால் நான் உளறிவிடுவேன். அதனால் ஒற்றையடிப் பாதையில் நடந்தே இறங்கிக் கீழே பஸ் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மூட்டையில் இருந்தது கயிறு. அலசி, காயவைத்து, அளந்து, எல்லாம் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்த கயிறு. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. "எல்லாம் நல்லா வந்திருக்குதுக்கா" என்றுதான் அவளிடம் சொன்னேன். அதில் ஒன்றுகூட இனி எதற்கும் ஆகாது என்பது எனக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

அது மாடு கட்டும் கயிறு அல்ல. இராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை ஒன்றில், கைட் விளையாட்டு கற்றுத்தரும் இடத்தில் அப்போது வேலை பார்த்தேன். ஒரு பெரிய காற்றாடியை ஆகாயத்தில் ஏற்றி, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்று கடலில் வழுக்கிப் போகிற விளையாட்டு. ஆடுகிறவர் கையில் ஒரு குறுக்குத்தடி இருக்கும். பார் என்போம். பாரிலிருந்து காற்றாடிக்கு நான்கு லைன் போகும். பம்பரக் கயிற்றைவிட மெல்லியது, தென்னை மரத்தைவிட நீளமானது. நடுவில் இருக்கும் இரண்டும் ஆளின் கனத்தைத் தாங்கும். ஓரத்து இரண்டும் காற்றாடியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பும்.

நான்கும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை. மணலில் நட்ட கட்டையில் ஒரு கொக்கி உண்டு. நான்கு லைனின் நுனிக் கண்ணியையும் அந்த ஒரே கொக்கியில் மாட்டிவிட்டு, மறுமுனையில் பாரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். பார் கோணாமல் நின்று, நான்கும் ஒரே விறைப்பில் இருந்தால் சரி. ஏதாவது ஒன்று தொய்ந்தால் அது நீண்டுவிட்டது. பெரும்பாலும் நீள்வது நடு லைன்கள்தான். எந்நேரமும் ஆளைச் சுமப்பவை அவை. அவை நீண்டுபோனால் காற்றாடி பின்பக்கமாகச் சரிந்து தண்ணீரில் விழும். அப்போது ஓரத்து லைன்களைக் கட்டையில் மாட்டி, உடம்பின் கனத்தைக் கொடுத்து இழுத்து, அவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மசியாவிட்டால் பார் முனையில் இருக்கும் தடித்த கயிற்றுத் துண்டில் முடிச்சைத் தள்ளிப் போட வேண்டும். அவ்வளவுதான். படிப்பு வேண்டாத வேலை. பொறுமை வேண்டும், அது என்னிடம் இருப்பது அங்கே போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். செங்கல் சூளை, பரோட்டாக் கடை, லாரிக் கிளீனர், கேரளத்தில் ரப்பர்த் தோட்டம் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஊர்த் திருவிழாவை நோம்பி என்போம். எதிலும் ஒரு நோம்பி தாண்டி அடுத்த நோம்பி வரைக்கும் நின்றதில்லை. யாரும் விரட்டவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் அந்த இடம் பிடிக்காது, பையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவேன். கடற்கரைக்கும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். முதலில் காற்றாடிக்குக் காற்று அடிப்பது, தூக்கிக்கொண்டு ஓடுவது. லைன் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போனதும் அந்த வேலை என் கைக்கு வந்தது.

ஒரு தடவை கற்றுக்கொள்ள வந்த ஓர் அம்மாளின் காற்றாடி ஓயாமல் இடப்பக்கமே போய் விழுந்தது. அவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக் கரையில் உட்கார்ந்து அழுதார். நான் அளந்து பார்த்தேன். இடது லைன் ஒரு விரல்கடை குட்டை. சரி செய்து கொடுத்ததும் மறுநாள் அவர் நேராகப் போனார். "நேத்து காத்து மோசம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். லைனைப் பற்றி நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு காலையிலும் எல்லாவற்றையும் கொக்கியில் மாட்டிப் பார்க்காமல் எதையும் கடலுக்கு விட்டதில்லை. வேறு எந்த வேலையையும் நான் அப்படிச் செய்ததில்லை.

வாடைக்காற்று முடிந்து தென்மேற்குக் காற்று தொடங்கும்வரை நடுவில் கடல் சும்மா கிடக்கும். அப்போதுதான் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். "இங்க இருக்கற தண்ணி லாரித் தண்ணி. குளிக்கவே பத்தல. எல்லா பாரையும் லைனையும் உன் ஊருக்கு எடுத்துட்டுப் போ. நல்ல தண்ணில உப்புப் போக அலசு. நிழல்ல காயவை. நெருப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகாத, வெயில்ல காருக்குள்ள கூட வைக்காத. அளந்து சமமாக்கிக் கொண்டு வா. ஒழுங்கா வந்துச்சுன்னா சாமான் கொட்டகை மொத்தமும் உன் பொறுப்பு. பக்கத்துலயே ரூம் ஒண்ணு போட்டுத் தர்றேன்."

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"ரூமா? உனக்குன்னு தனியாவா?"

"ஆமாக்கா."

"பூட்டுச் சாவியோடவா?"

"பூட்டு இல்லாம ரூம் எதுக்குக்கா."

அவள் மிளகை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். எங்கள் அம்மா போன பிறகு, நான் எங்கே இருக்கிறேன் என்று ஊரார் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். பல நேரம் அவளுக்கே தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தம்பிக்கு வேலை நிலைத்துவிட்டது, கயிறு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று.

மலையில் சமதளம் கிடையாது. எல்லாம் படிப்படியான காடு. அக்கா வீட்டுக்கு முன்னால் போகும் மண்பாதை ஒன்றுதான் கொஞ்ச தூரம் நேராகப் போகும். அதன் தலைப்பில் இருந்த பலாமரத்தைச் சுற்றிக் கட்டிக் கொக்கி மாட்டினேன். லைனை எல்லாம் பாரிலிருந்து கழற்றி, நான்கு நான்காகத் துணிநாடாவால் கட்டி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு வயதான அம்மாயி லைனைத் தாண்டுவதற்குச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, இத்தினி நீளத்துல கட்டுனா ஆடு மேஞ்சுக்கிட்டே கீழ சேந்தமங்கலம் போயிருமே!"

"ஆட்டுக்கில்லீங்க, ஆளுக்குங்க."

"ஆளையுமா கட்டி மேய்க்கறாங்க அங்க?"

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். உதவி செய்யக் கூப்பிட்டால் வருவார், கேலியோடு.

"மாப்ள, நம்மூர்ல கயிறு அளக்கறது ரெண்டே பேரு. ஒருத்தன் கெணறு எறைக்கறவன். இன்னொருத்தன் பாடை கட்டறவன். நீ எதுல சேத்தி?"

"மூணாவதுங்க மாமா."

"வாயக் கழுவுங்க ரெண்டு பேரும்" என்று உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள். "வேலையப் பத்தி நல்ல வார்த்தை பேசத் தெரியாதா?"

உப்பேறிய லைனை நாள் முழுக்க இழுத்தால் உள்ளங்கையில் மெல்லிய கீறல்களாக விழும். உப்பு அதில் ஏறி எரியும். சோறு போடும்போது அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சாமி, கயிறு அரிக்குதா?"

"கொஞ்சம் அரிக்குதுக்கா. போயிரும்."

வேறு ஊரில் இதைக் கேட்பவர் தேங்காய் எண்ணெய் கொடுத்திருப்பார். எங்கள் வீட்டில் கயிறு என்றால் ஆனைக்கற்றாழை நார்க் கயிறு. புதுக்கயிற்றில் கற்றாழைப் பால் இருக்கும். கை பட்டால் அரித்துத் தடித்துவிடும். அதனால் சந்தையில் வாங்கி வந்ததும் அடுப்புச் சாம்பலைக் கரைத்த தண்ணீரில் போட்டு நன்றாக ஒரு கொதி விட்டு எடுப்பார்கள். அரிப்பும் போகும், கயிறும் மெத்தென்று ஆகும். அம்மா செய்தாள். அக்காவும் செய்கிறாள். அவளுக்குக் கயிற்றின் அரிப்புக்கு வேறு மருந்து தெரியாது.

அடுத்த நாள் சோளக்காடு என்கிற ஊரில் சந்தை. மாமாவின் மிளகு மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். பாதிக்கு மேல் அளந்தாயிற்று, மீதியை மறுநாள் முடிக்கலாம் என்று இருந்தேன். பொழுதோடு திரும்பி வந்தால் வாசலில் மூங்கில் கொடி முழுக்க லைன்கள் தொங்கின. வெள்ளை வெளேரென்று. இடப்பக்கத்து லைனுக்கு அடையாளமாக இருக்கும் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. கல்லடுப்பின்மேல் கிழங்கு அவிக்கிற அண்டா. அதில் சாம்பல் நிறத்தில் தண்ணீர். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"கலக்காமத்தான் போட்டேன் கண்ணு" என்றாள் அக்கா. முகம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது. "நீ கட்டி வெச்சிருந்த மாதிரியே நாலு நாலா போட்டு நாலு நாலா எடுத்தேன். எவ்வளவு அழுக்குங்கற! மூணு தண்ணி மாத்துனேன். இப்பப் புடிச்சுப் பாரு, அரிக்குதான்னு."

பிடித்துப் பார்த்தேன். லைனின் மேல் இருந்த வழவழப்பு போயிருந்தது. விரலுக்கு நார் நாராகத் தட்டியது.

"அரிக்கலக்கா" என்றேன்.

"பாத்தியா" என்று மாமாவிடம் திரும்பிச் சொன்னாள். "எஞ்சாமிக்கு ரெண்டு நாள் வேலைய ஒரே நாள்ல முடிச்சுட்டேன்."

காலையில் அவள் களைக்குப் போன பிறகு கொக்கியில் மாட்டினேன். பின்னால் சாய்ந்ததுமே பார் ஒரு பக்கமாகக் கோணியது. அண்டாவின் அடியில் கிடந்தவை சுருங்கியிருந்தன, மேலே மிதந்தவை அவ்வளவு சுருங்கவில்லை. ஒன்றுக்கொன்று சாண் கணக்கில் வித்தியாசம். ஒரு செட்டில் நான்கும் நான்கு நீளம். விரல்கடை வித்தியாசத்துக்கு ஓர் ஆளை அழவைக்கிற சாமான் அது.

அன்று முழுவதும் மாமாவும் நானும் இழுத்தோம். அவர் கேலி எதுவும் பேசவில்லை. கடப்பாரையைக் கண்ணியில் கோத்து, காலை மண்ணில் ஊன்றி, தேர் இழுக்கிற மாதிரி இழுத்தோம். சில நீண்டன. நீளாதவற்றுக்கு முடிச்சைத் தள்ளினேன். தடித்த துண்டில் முடிச்சுக்கு இடம் போதாதபோது லைனிலேயே முடிச்சுப் போட்டேன். லைனில் முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் வலு பாதியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் போட்டேன். சாயங்காலம் எல்லாமே ஒன்றுபோல் வந்துவிட்டன. பார் நேராக நின்றது. மாமா கொக்கியருகே குனிந்து பார்த்து, "ரசமட்டம் வெச்ச மாதிரி இருக்குது மாப்ள" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

எனக்கு நிம்மதி இல்லை. நீளம் சரியாகிவிட்டது. தாங்குமா என்பதை அளப்பதற்கு என்னிடம் கொக்கி இல்லை. "இன்னொருக்கா இழுக்கலாங்க மாமா, சும்மா" என்றேன். நடு லைன் ஒன்றை மட்டும் மாட்டி இருவரும் சேர்ந்து இழுத்தோம். நல்ல லைனாக இருந்தால் எங்கள் இருவரையும் மரத்தில் தொங்கவிடலாம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இருவரும் மல்லாந்து விழுந்தோம். லைன் முடிச்சில் அறுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முடிச்சுக்கு எட்டத்தில், வெறும் இடத்தில் அறுந்திருந்தது.

அதற்குள் அக்கா களையிலிருந்து திரும்பியிருந்தாள். "என்னுங்க சத்தம்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பலாப்பிஞ்சு விழுந்துச்சு" என்றார் மாமா.

பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார். "கடல்ல போகையில இப்பிடி அறுந்தா?"

"கரைக்கு எட்டத்துல போயி அறுந்தா ஆளு கடலோட போயிருவான் மாமா."

"வேற யாரும் கண்டுபுடிப்பாங்களா?"

"அளக்கறது நான் ஒருத்தன்தானுங்க."

அவர் வெகுநேரம் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப நீ கடலுக்கு அனுப்ப மாட்டே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. "அக்காகிட்ட மட்டும் வேண்டாம் மாப்ள. தாங்க மாட்டா."

அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். விடிந்ததும் அக்கா கம்பஞ்சோற்றைத் தூக்குப்போசியில் கட்டிக்கொடுத்து, மூட்டையைத் தடவிப் பார்த்து, "பத்திரமா கொண்டு போ சாமி, நனையாம" என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

இப்போது நினைத்தால் அந்தப் பொய்தான் பெரிய வினையாக இருக்கிறது. அன்று அழுதிருப்பாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பாள். அதோடு முடிந்திருக்கும். இப்போது சொந்தக்காரர்கள் ஒறம்பறையாக வந்தால் சொல்கிறாளாம், "கடல்ல ஆகாசத்துல பறக்கறாங்களே, அந்தக் கயிறெல்லாம் நான் அவிச்சுக் குடுத்ததுதான்" என்று. மாமா பேச்சை மாற்றிவிடுகிறாராம். நோம்பிக்குப் போனால் அவள் கயிற்றைப் பற்றிக் கேட்பாள். அதனால் நோம்பிக்குப் போவது குறைந்துவிட்டது. அலசி முடிக்கிறவரைக்கும் லைனை என் கண்ணிலிருந்து விட்டிருக்க வேண்டாம். சந்தைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். "அரிக்கலக்கா, உப்புதான் எரியுது" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். அன்று இறங்கும்போது பாதை முழுக்க இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். பாறை வழுக்கிய இடத்தில் மூட்டையைக் காப்பாற்றப் போய் முழங்கை சிராய்ந்தது. எதற்குக் காப்பாற்றினேன் என்று தெரியவில்லை.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து முதலாளிக்கு போன் போட்டேன்.

"எல்லாம் சமமா வந்துச்சா?" என்றார் எடுத்ததும்.

"சமமா வந்துச்சுங்க. ஆனா ஒண்ணும் ஆகாதுங்க. வெந்நீர்ல கொதிச்சுருச்சு. இழுத்தா அறுந்துருதுங்க."

"யாரு கொதிக்க வெச்சது?"

அக்கா என்று சொன்னால் அவர் அதை அங்கே எல்லோரிடமும் சொல்வார். கயிற்றைக் கிழங்கு மாதிரி அவித்த மலைக்காரி என்று சிரிப்பார்கள். கற்றாழை அவர்களுக்குத் தெரியாது.

"நான்தாங்க" என்றேன்.

"நீயா? நெருப்புப் பக்கம் கொண்டு போகாதன்னு உன்கிட்டதான சொன்னேன்?"

"ஆமாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிறகு பேசியிருக்கலாம். "கடலுக்கு விடாம சொன்னியே, அது வரைக்கும் சரி" என்றார். "பாரெல்லாம் பார்சல்ல போடு. லைன் புதுசாதான் வாங்கணும். உன்னைய வெச்சு எப்பிடிப்பா நான் கொட்டகைய நம்பி விடறது? வேற ஆளு பாத்துக்கறேன்." உண்மையைச் சொல்லியிருந்தால் வைத்திருப்பாரோ என்னவோ. கேட்க எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

சேந்தமங்கலம் போய், மூட்டையில் லைன்களோடு இருந்த பார்களைக் கழற்றிப் பார்சலில் போட்டேன். லைன்களை அங்கே தகர ஷெட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். கனமான எதையும் கட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அந்த ஷெட்டிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் டீக்கடை முன்னால் ஒரு ரிக் வண்டி நின்றது. எங்கள் பக்கத்தில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஏறாதவன் குறைவு. நான் அதுவரை ஏறியதில்லை. வடக்கே போகிறார்கள், ராடு தூக்குகிறவன் ஒருவன் காய்ச்சலில் நின்றுவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். வண்டி மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மலையிலிருந்து வாரியா?"

"ஆமாங்க."

"ராடு தூக்குவியா?"

"தூக்குவேனுங்க."

"பாதியில ஓடிற மாட்டியே?"

"நிப்பேனுங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஏறு."

வண்டி கிளம்புவதற்கு முன்னால் அக்கா போன் செய்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திப் பேசினாள். "கண்ணு, வேலையில சேந்துட்டியா?"

"சேந்துட்டேன்க்கா."

"அப்பப் போய் வேலையப் பாரு. நான் அப்பறம் பேசறேன்."

மேனேஜர் கிரீஸ் டப்பாவை என் கையில் கொடுத்து, அடுக்கியிருந்த ராடுகளின் திருகுமறையில் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வரச் சொன்னார். முதல் ராடில் ஆரம்பித்தேன்.